வரி: கோட்டிலிருந்து குடியிறை வரை ஒரு சொல்லின் வரலாறு

1. முன்னுரை

‘வரி’ என்னும் ஈரெழுத்துச் சொல் இன்றைய தமிழில் மூன்று வெவ்வேறு துறைகளில் வழங்குகின்றது. புலியின் உடலிலும் அணிலின் முதுகிலும் காணப்படும் கோடு வரி எனப்படுகின்றது. ஏட்டில் ஒருங்கே ஓடும் எழுத்துத் தொடரும் வரி எனப்படுகின்றது. குடிமக்கள் அரசுக்குச் செலுத்தும் பணமும் வரி எனப்படுகின்றது. முதலிரண்டுக்கும் உள்ள உறவு எளிதில் புலப்படும். மூன்றாவது பொருள் அவற்றோடு எவ்வாறு இணைந்தது என்பது அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை. ஆதலின், ஓசையால் ஒத்துப் பொருளால் வேறுபட்ட இரு தனிச் சொற்கள் இவை என்று கொள்வாரும், வரி என்பது அரசுக்கு ‘வருவது’ என்று எளிய விளக்கம் தருவாரும் உள்ளனர்.

கோட்டைக் குறித்த வரியும் குடியிறையைக் குறித்த வரியும் ஒரே சொல் என்பதும், அவ்விரு பொருள்களுக்கும் நடுவே ‘எழுதப்பட்ட பதிவு’ என்னும் பொருள் பாலமாக நின்றது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். அப்பாலத்திற்கான சான்று சோழர் காலச் செப்பேடுகளில் கிடைக்கின்றது. இக்கேள்வி அகராதித் துறையோடு நின்றுவிடுவதன்று. அரசின் உரிமைக் கோரிக்கையைத் தமிழ் எப்பெயரால் அழைத்தது, ஏன் அழைத்தது என்பது, ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையே எழுத்து வகித்த இடத்தைப் பற்றிய கேள்வியுமாகும்.

2. கோடும் குழிவும்: இலக்கிய வழக்கு

சங்க இலக்கியத்தில் வரி என்பது முதன்மையாகக் கண்ணுக்குப் புலனாகும் கோட்டைக் குறிக்கின்றது. வளைந்த கோடுகளை உடையது என்னும் பொருள்பட்ட ‘கொடுவரி’ என்னும் தொடர் புலிக்கே பெயராகி நின்றது. உறுப்பின் பெயர் உறுப்புடைய விலங்குக்கு ஆகிவந்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. முதுகில் கோடுகளையுடைய அணில் ‘வரிப்புற அணில்’ என வழங்கப்பட்டது. சிறகிலும் உடலிலும் கோடு கொண்ட வண்டு வரிவண்டு ஆயிற்று. பாலை நிலத்தில் இலையுதிர்ந்த மரக்கிளைகள் தரும் கோடுகோடான நிழல் வரிநிழல் எனப்பட்டது. தோளிலும் மார்பிலும் குழம்பு கொண்டு எழுதும் தொய்யிற் கோலமும் வரியே. அவ்வாறு எழுதுதல் வரித்தல் ஆகும்.

இவற்றுள் சில வண்ணத்தாலான கோடுகள். வேறு சில பள்ளத்தாலான கோடுகள். இவ்வேறுபாடு பின்னர் வரும் வாதத்துக்கு இன்றியமையாதது. காற்றும் நீரும் மணற்பரப்பில் இட்டுச் செல்லும் அலைவடிவான பள்ளங்களும் வரிகள் எனப்பட்டன. மகளிர் அணிந்த சங்கு வளை ‘வரிவளை’ எனப்பட்டது. கொற்கை, அழகன்குளம், கொடுமணல் ஆகிய இடங்களின் அகழாய்வுகளில் சங்கு வளைத் துண்டுகள் கிடைத்துள்ளன. சங்கை அரத்தால் அறுத்து, வளையமாக்கி, அதன் புறத்தே கோடு கீறி அணி செய்வது அக்காலக் கைவினையாளரின் தொழில். வளையின்மேல் உள்ள வரி பூசப்பட்டதன்று; வெட்டப்பட்டது. ஆகவே பழந்தமிழில் வரி என்பது ஒரு பரப்பை நிறத்தாலோ குழிவாலோ பிரித்துக் காட்டும் நீண்ட அடையாளம் என்று வரையறுப்பதே பொருந்தும்.

வினைவடிவில் இச்சொல்லுக்குக் கட்டுதல் என்னும் பொருளும் உண்டு. ‘வரிந்து கட்டுதல்’ என்பது இன்றும் வழக்கில் உள்ளது. நாரும் நூலும் சுற்றி இறுக்கப்பட்ட வில் வரிவில் எனவும் வரிசிலை எனவும் பெயர் பெற்றது. ஓலை வேயும் கூரையில் குறுக்கே வைத்துக் கட்டப்படும் மெல்லிய கம்புகள் வரிச்சு எனப்படுகின்றன. கட்டுதல் என்னும் இப்பொருளைத் தனிச் சொல்லாகப் பிரிக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு கம்பின்மேல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் கண்ணுக்குத் தெரிவது வரிசையான கோடுகளே. செயலின் விளைவு செயலுக்குப் பெயராயிற்று.

இசையிலும் கூத்திலும் வழங்கும் வரியைப் பற்றி இங்குச் சுருங்கக் கூறலாம். சிலப்பதிகாரத்தின் ஏழாம் காதை கானல்வரி. பன்னிரண்டாம் காதை வேட்டுவ வரி. வேனிற்காதையில் எண்வகை வரிக்கூத்துகள் பேசப்படுகின்றன. அவரவர் பிறந்த நிலத்தின் இயல்பும் தொழிலின் இயல்பும் தோன்ற நடிப்பதே வரி என்று பழைய உரை விளக்குகின்றது. ஒருவரின் சாயலைத் தீட்டிக் காட்டுதல் என்னும் கருத்து இவ்விளக்கத்தில் தொனிக்கின்றது. எனினும் அது தனி ஆய்வுக்குரியது.

3. இனமொழிச் சான்று

வரி என்னும் சொல் தனித்து நிற்பதன்று. வரை, வரைவு, வரிசை, வரம்பு ஆகியவற்றோடு அதனைச் சேர்த்துக் காணுதல் வேண்டும். கோடிடுதலும் எல்லையிடுதலும் ஒழுங்குபடுத்துதலும் இச்சொற்குடும்பத்தின் பொதுக்கருத்து. மலையாளத்தில் ‘வர’ என்பது கோடு. ‘வரி’ என்பது எழுத்து வரியையும், ஆட்கள் நிற்கும் வரிசையையும், இறையையும் குறிக்கும். கன்னடத்தில் ‘பரெ’ என்பது எழுதுதலையும் கோட்டையும் குறிக்கும். தமிழில் வேர், வில் என்பன கன்னடத்தில் பேரு, பில்லு என்று ஒலிப்பதுபோல, சொன்முதல் வகரம் அங்குப் பகரமாக மாறியுள்ளது. அப்பகரம் மெலிந்தொலிக்கும் குரலுடைப் பகரம். தெலுங்கில் எழுதுதலைக் குறிக்கும் ‘வ்ராயு’ என்னும் வினையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. மரம் என்பதற்கு இனமான தெலுங்குச் சொல் ‘ம்ரானு’ என வருவதுபோல, இங்கும் உயிர் இடம் மாறி, மெய்கள் இரண்டு சொன்முதலில் நெருங்கி நின்றன.

இவ்வொப்பீடு இரண்டு செய்திகளை உணர்த்துகின்றது. முதலாவது, கோடிடுதலும் எழுதுதலும் ஒரே சொல்லடியால் குறிக்கப்படுவது தமிழுக்கு மட்டும் உரிய தற்செயல் அன்று. அது தென்னிந்திய மொழிகளுக்குப் பொதுவான பழைய உறவு. இரண்டாவது, எழுத்தும் பணமும் சேரும் இடம் ஒன்று மலையாளத்தில் இன்றும் உயிரோடு உள்ளது. இதழ்களுக்குப் பணம் செலுத்துவோரை அம்மொழி ‘வரிக்காரன்’ என்றும், அவர் செலுத்தும் தொகையை ‘வரிசங்க்ய’ என்றும் அழைக்கின்றது. பட்டியலில் பெயர் எழுதப்பட்டவர் பணம் தரக் கடமைப்பட்டவர் ஆகின்றார். தமிழில் நிகழ்ந்த பொருள் மாற்றத்தின் போக்கை இது முன்கூட்டியே சுட்டுகின்றது.

4. ஓலையில் வரி

எழுத்து எவ்வாறு வரி ஆயிற்று என்பதை எழுதுபொருளை நோக்கியே விளங்கிக்கொள்ள வேண்டும். பனையோலை மையால் எழுதப்படும் பரப்பன்று. எழுத்தாணியின் கூர்முனை ஓலையின் மேற்பரப்பைக் கீறிச் செல்லும். அப்போது எழுத்து பெரும்பாலும் நிறமற்ற பள்ளமாகவே இருக்கும். பின்னர்க் கரியோ பச்சிலைச் சாறோ தடவித் துடைக்கும்போது பள்ளத்தில் கருமை தங்கி எழுத்துத் தெளிவுறும். மேலும், பனையோலை இயல்பிலேயே நீளவாக்கில் ஓடும் நரம்புகளை உடையது. எழுதுவோர் அந்நரம்புகளை ஒட்டி இடமிருந்து வலமாக எழுத்துகளை நிரைப்பர்.

எனவே ஓலைச்சுவடியில் மூவகை வரிகள் ஒன்றுசேர்கின்றன: ஓலையின் நரம்பு வரி, எழுத்தாணி கீறிய பள்ள வரி, எழுத்துகள் நிரந்து நிற்கும் வரி. கீறல் நிலையில் அது வளையின்மேல் உள்ள வரியை ஒத்தது. கருமை ஏறிய நிலையில் புலியின் வரியை ஒத்தது. தாளும் மையும் கொண்டு எழுதப் பழகிய நமக்கு உருவகமாகத் தோன்றுவது, ஓலையில் எழுதியவர்க்கு நேர்ப்பொருளாகவே இருந்திருக்கும்.

5. இறையின் பழம்பெயர்கள்

அரசுக்குரிய பொருளைக் குறிக்கப் பழந்தமிழில் முன்னிற்கும் சொற்கள் இறை, திறை, புரவு, உல்கு என்பன. திருக்குறளின் 733ஆம் குறள் நாட்டின் இயல்பைக் கூறுமிடத்து ‘இறை’ என்னும் சொல்லை ஆள்கின்றது. 756ஆம் குறள் அரசனுக்குரிய பொருள்வகைகளுள் ஒன்றாக ‘உல்கு’ பொருளைக் கூறுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் உல்கு கொள்வோர் பண்டங்களின்மீது சோழரின் புலிச்சின்னத்தைப் பொறித்தமையைப் பட்டினப்பாலை விவரிக்கின்றது.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குக் கூறிய அறிவுரையாக அமைந்த புறநானூற்றின் 184ஆம் பாடல் இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. முறையறிந்து இறை கொள்ளும் அரசனை, விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டப்படும் யானையோடும், முறையறியாது கொள்ளும் அரசனை, வயலுள் தானே புகுந்து உண்பதினும் மிதித்து அழிப்பது மிகுதியாகும் யானையோடும் அப்பாடல் ஒப்பிடுகின்றது. அரசனைச் சூழ்ந்துள்ளோரின் குறையைச் சொல்லுமிடத்து அவர்கள் ‘வரிசை’ அறியாதவர் என்கின்றது. வரிசை என்பதற்கு இங்குத் தகுதி, முறை, அளவு என்பன பொருள். வரி என்னும் சொல்லடி இறையின் பெயராவதற்கு முன்பே, இறைகொள்ளும் முறையைப் பற்றிய பேச்சில் அதே குடும்பத்தின் மற்றொரு சொல் இடம்பெற்றுள்ளது.

6. சோழர் ஆவணங்களில் வரி

பதிவு என்னும் இடைப்பொருளுக்குரிய நேர்ச்சான்று முதலாம் இராசராசன், முதலாம் இராசேந்திரன் ஆகியோர் காலத்து ஆவணங்களில் உள்ளது. இராசராசனின் ஆட்சியில், கி.பி. 1001 அளவில், பெரும் நில அளவை நடைபெற்றது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் குறிக்கப்படும் நிலப்பரப்பின் மிகச் சிறிய பின்னம் ஒரு வேலியின் 52,428,800,000இல் ஒரு பங்காகும் என்று கல்வெட்டறிஞர் கணக்கிட்டுள்ளனர். நடைமுறையில் அவ்வளவு சிறிய நிலத்தை எவரும் உழ இயலாது. அது கணக்கின் நுணுக்கம்; ஏட்டில் மட்டும் வாழும் அளவு. நிலம் அளக்கப்பட்டு ஏட்டில் ஏறிய காலத்தின் மனப்பாங்கை அது காட்டுகின்றது.

நெடுங்காலம் ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தமையால் லெய்டன் பெரிய செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற ஆவணம், 21 ஏடுகளைக் கொண்டது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்துக்கு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தமையை அது கூறுகின்றது. கடல்கடந்த உறவின் ஆவணமாகவே பெரிதும் பேசப்படும் இச்செப்பேடு, சோழர் அலுவலக நடைமுறையை அறிவதற்கும் முதன்மையான சான்றாகும். அரசன் வாய்மொழியாக ஆணை தருகின்றான். அது ஓலையில் எழுதப்படுகின்றது. அலுவலர் பலர் அதனை ஒப்புநோக்குகின்றனர். இறுதியில் அது கணக்கில் ஏற்றப்படுகின்றது. திருவாலங்காட்டுச் செப்பேடுகளிலும் இத்தகைய நடைமுறையே காணப்படுகின்றது.

இந்நடைமுறையில் வரும் அலுவற் பெயர்களை நோக்குக: புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், வரிப்பொத்தகக் கணக்கு, வரியிலீடு, முகவெட்டி, பட்டோலை. இவை யாவும் எழுத்துத் தொழிலைச் சுற்றியே அமைந்தவை. வரிப்பொத்தகம் என்பது பதிவேடு. வரியிலீடு என்பது பதிவேட்டில் இடுதல். புரவு என்பதே இறையைக் குறிக்குமாதலின், ‘புரவுவரி’ என்னும் தொடரில் வரி என்பதற்கும் இறை என்றே பொருள்கொண்டால் அது கூறியது கூறலாகும். புரவைப் பற்றிய பதிவு என்று கொண்டால் தொடர் செம்மையுறும்.

இதனினும் உறுதியான சான்று ஒன்றுண்டு. நிலம் இறையிலியாக, அதாவது இறை நீக்கப்பட்டதாக, கொடுக்கப்படும்போதும் அது ‘வரியிலிட்டு’க் கொடுக்கப்பட்டது. வரி என்பது அங்கு இறையையே குறித்திருப்பின், இறை நீக்கிய நிலத்தை இறையில் இடுதல் என்னும் முரண்பாடு தோன்றும். பதிவு என்று பொருள்கொண்டால் முரண்பாடு இல்லை. இறை உண்டென்பதும் எழுதப்பட வேண்டியது. இறை இல்லையென்பதும் எழுதப்பட வேண்டியது. எழுதப்படாத விலக்கு அடுத்த ஆட்சியில் நிலைக்காது என்பதை நிலமுடையோர் நன்கு அறிந்திருந்தனர்.

மறுபுறம், அக்காலச் செப்பேடுகளில் இறைவகைகள் தனித்தனிப் பெயர்களால் அடுக்கிக் கூறப்படுகின்றன: கண்ணாலக்காணம், குசக்காணம், வட்டிநாழி, நீர்க்கூலி, தட்டாரப்பாட்டம், இடைப்பாட்டம், ஓடக்கூலி, உல்கு, ஈழம்பூட்சி. காணம், நாழி, கூலி, பாட்டம் என முடியும் இப்பெயர்கள் ஒன்றிலும் வரி இல்லை. திருமணம், குயவர் தொழில், பொற்கொல்லர் தொழில், ஆடுமாடு மேய்த்தல், ஓடம் விடுதல் ஆகியவற்றின்மீது விதிக்கப்பட்டவை தத்தம் பெயரோடு நின்றன. அவற்றை எழுதிய ஏடே வரி எனப்பட்டது.

7. பதிவிலிருந்து இறைக்கு

ஏட்டின் பெயர் ஏட்டில் எழுதப்பட்டதற்கு ஆகிவருவது மொழியியல்பு. பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் காணப்படும் ‘சில்வரி’, ‘பெருவரி’ என்னும் தொடர்கள் இம்மாற்றத்தின் இடைநிலையைக் காட்டுவன. சிறிய பதிவினங்கள், பெரிய பதிவினங்கள் என்று அவற்றைக் கொள்ளலாம். சிறிய இறைகள், பெரிய இறைகள் என்றும் கொள்ளலாம். இருபொருளும் ஒருங்கே இயலும் இந்நிலையில்தான் சொல் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கின்றது. பல்வேறு பெயர்களோடு நின்ற கடமைகள் அனைத்தையும் ஒன்றாகச் சுட்ட ஒரு பொதுச்சொல் தேவைப்பட்டது. ஏட்டில் ஒரு வரியாக இடம்பெற்றது என்பதே அவற்றுக்கெல்லாம் பொதுவான தன்மை.

பின்னர் நிலப்பதிவேட்டுக்குப் புதுப்பெயர்கள் வந்தன. யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் தொகுத்த நிலப்பதிவேடு, அவர்தம் மொழிச் சொல்லாலேயே ‘தோம்பு’ எனப்பட்டது. ஒல்லாந்தர் காலத்திலும் அப்பெயர் தொடர்ந்தது. தமிழகத்தில் வடபுலத்து வருவாய் நிருவாக வழியாக வந்த ‘சிட்டா’ முதலிய பெயர்கள் நிலைபெற்றன. பதிவேட்டைக் குறிக்கும் வேலை பிற சொற்களுக்குச் சென்றபின், வரி என்பதற்கு நிருவாகத்தில் எஞ்சியது இறை என்னும் பொருள் மட்டுமே. பாலம் மறைந்ததால் இருகரைகளும் தொடர்பற்றவைபோலத் தோன்றலாயின.

8. மாற்று விளக்கங்கள்

அரசுக்கு வருவதால் வரி என்னும் விளக்கம் சொல்லாக்க முறைக்கு ஒத்துவரவில்லை. ‘வரு’ என்னும் அடியிலிருந்து வரவு, வரத்து, வருகை, வருவாய் என்பன தோன்றியுள்ளன. வந்த பொருளைக் குறிக்க அவையே வழக்கில் உள்ளன. அன்றியும், இறையிலி நிலத்தை ‘வரியிலிடுதல்’ என்னும் வழக்கை இவ்விளக்கத்தால் தெளிவுபடுத்த இயலாது.

தெலுங்கில் ‘வரி’ என்பது நெற்பயிரைக் குறிப்பதால், நெல்லாகச் செலுத்தப்பட்டமையின் இறை வரி எனப்பட்டதோ என்றும் வினவலாம். சோழநாட்டில் நிலவிறை பெரிதும் நெல்லாகவே அளக்கப்பட்டது உண்மை. ஆனைமங்கலத்தின் காணிக்கடன் 8,943 கலத்திற்குச் சற்று மேற்பட்ட நெல் எனக் கணக்கிடப்பட்டிருந்தது. ஆயினும் அவ்வாவணத்தில் பொருள் ‘நெல்’ எனவும், கடமை ‘காணிக்கடன்’ எனவும் குறிக்கப்படுகின்றன. வரி என்னும் சொல் அலுவலகத்துக்கும் ஏட்டுக்குமே உரியதாக நிற்கின்றது. நெல்லைக் குறித்த வரி வேறு சொல் என்று பிரிப்பதே முறை.

கட்டுதல் என்னும் பொருளிலிருந்து, குடிகளைக் கட்டுப்படுத்துவது வரி ஆயிற்று என்பாரும் இருத்தல் கூடும். கருத்தளவில் அது கவர்ச்சியுடையது. ஆனால் வரிப்பொத்தகம், வரியிலீடு ஆகிய சொற்களில் கட்டுதல் பொருளுக்கு இடமில்லை.

9. முடிவுரை

வரலாற்று முறையில் நோக்கின், வரி என்னும் சொல்லின் பொருள் வளர்ச்சி நான்கு நிலைகளை உடையது: பரப்பில் தோன்றும் கோடு அல்லது பள்ளம், ஓலையிற் கீறிய எழுத்து, அலுவலகப் பதிவேடு, பதிவேட்டில் ஏறிய கடமை. இலக்கணிகள் கூறும் பலபொருள் ஒருசொல் என்னும் வகைக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு. அகராதிகளில் கோட்டு வரியையும் இறை வரியையும் தொடர்பற்ற தனித் தலைச்சொற்களாக நிறுத்துவதைவிட, பதிவு என்னும் பொருளை இடையிலிட்டு ஒரே தலைச்சொல்லின்கீழ் வரிசைப்படுத்துவது தக்கது. தமிழைத் தாய்மண்ணுக்கு வெளியே கற்கும் மாணவர்க்கும் இம்முறை பயன் தரும். மூன்று சொற்களை மனப்பாடம் செய்வதற்கு மாறாக, அவர்கள் ஒரு வரலாற்றைக் கற்பர்.

இன்றைய அரசுகளின் பெயர்ப்பலகைகளிலும் இவ்வரலாற்றின் எச்சங்கள் உள்ளன. மலேசியாவில் வருமான வரி வாரியம் என்கின்றனர். சிங்கப்பூரில் வருவாய் ஆணையம் என்கின்றனர். இலங்கையில் உள்ள பெயர் உள்நாட்டு இறைவரித் திணைக்களம். இறையும் வரியும் திணைக்களமும் ஒருங்கே நிற்கும் இத்தொடரைச் சோழர் காலப் புரவுவரித் திணைக்களத்தின் அலுவலர் ஒருவர் கேட்க நேரின், அவர் அதனை ஏறக்குறைய விளங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அவர் ‘வரி’ என்பதற்குப் பணம் என்று பொருள்கொண்டிருக்கமாட்டார். இறையை எழுதிவைத்த ஏடு என்றே கொண்டிருப்பார்.

இவ்வேறுபாடு சிறிதன்று. இறை, திறை என்னும் பழஞ்சொற்கள் கொள்வோனின் மேன்மையை நினைவூட்டுவன. இறை என்பது தலைவனுக்கும் பெயர். வரி என்பதோ எழுதப்பட்டதை நினைவூட்டுவது. எழுத்து குடிகளைக் கணக்கிற்குள் கொண்டுவந்தது என்பதும், நுணுகிய அளவையால் அவர்தம் சுமையைத் தப்பவியலாததாக்கிற்று என்பதும் மறுக்கவியலாதவை. ஆயினும் அதே எழுத்து, ஏட்டில் இல்லாததைக் கேட்பதற்கு எதிராகக் குடிகள் சுட்டிக்காட்டக்கூடிய எல்லையாகவும் அமைந்தது. இறையிலி பெற்றோர் அதனை வரியிலிடுவித்து, செப்பேட்டிலும் கல்லிலும் வெட்டுவித்துக் காத்தமைக்குக் காரணம் இதுவே. கோடு என்னும் முதற்பொருளில் எல்லை என்னும் கருத்தும் அடங்கியிருந்தமையை, வரை, வரம்பு என்னும் இனச்சொற்கள் இன்றளவும் உணர்த்தி நிற்கின்றன.